தம்பிக்காக நாம் எழுதிய பரீட்சை

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அப்பாவும் தம்பியும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, வேலைக்குப் போய் வந்து நன்றாகவே இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வரும் முதல் நினைப்பு. குளிர் ஆரம்பித்துவிட்டது என்றாயே, குழந்தைக்குக் காது மூடுகிற மாதிரி குல்லாய் போடு, கழற்றிக் கழற்றி எறிவாள், நீயும் எறிந்தவள்தான், விடாமல் போடு. அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன் பொழப்பு படியேறித்தான் நடக்குது என்று அவரே சொல்லிச் சிரித்துக்கொள்கிறார். பேக்கரியில் புது அடுப்பு வந்திருக்கிறது, ஒரு பக்கம் கருக்கி ஒரு பக்கம் வெளிறவிட்டு எங்கள் எல்லாருடைய உயிரையும் வாங்குகிறது, நான் வழக்கம்போல ஐசிங் மேஜையில் கேக்கின் மேல் யார் யாருக்கோ க்ரீமில் வாழ்த்து எழுதிக்கொண்டிருக்கிறேன். போனில் சொல்லாமல் இதென்ன கடிதம் என்று கேட்பாய். போனில் என்றால் நீ பாதியில் மீட்டிங் என்பாய், நான் பாதியில் அழுதுவிடுவேன். தவிர இதை எழுதச் சொன்னவனே தம்பிதான். நான் எழுதினா நடுவுல கோவம் வந்துரும்மா, நீயே அக்காவுக்கு முழுசா எழுது, எதையும் மூடி மறைக்காத என்றான். அதனால் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு நிதானமாகப் படி.

நீ அனுப்பிய அந்த இணையப் பரீட்சையைப் பற்றித்தான். எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு உங்களுக்கு இருக்கிறதா, நீங்களே பாருங்கள் என்று போட்டிருந்ததே, அது. தம்பிய மனசுல வச்சு நானே எல்லாத்துக்கும் பதில் போட்டேன், சிவப்புல வருதும்மா, இருக்கும்போல, நீயும் பாரு என்று எழுதியிருந்தாய். தலைப்பைப் படித்ததும் அப்பா, எல்லைக்கோடா, எந்தப் பக்கத்து வீட்டுக்காரனோட தகராறு என்று கேட்டார், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான் பேக்கரியில் மாவு மூட்டைகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாகப் படித்தேன். யாராவது விட்டுப் போய்விடுவார்களோ என்று தாங்க முடியாத பயம் வருமா, ஒருவரை இன்று தலையில் தூக்கி வைத்து நாளைக்குத் தூக்கிப் போடுவீர்களா, கோபம் வந்தால் அடக்க முடியாதா, உள்ளே ஒன்றுமே இல்லாத மாதிரி வெறுமையாக இருக்குமா, உங்களையே காயப்படுத்திக்கொண்டதுண்டா என்று போயிற்று. நானும் உன்னைப் போலவே அவனுக்காகப் பதில் போட்டேன். நண்பன் பதில் அனுப்பவில்லை என்று போனை ஜன்னல் வழியே வீசினானே, பிறகு அந்த நண்பன் வீட்டு வாசலிலேயே போய் நின்று மன்னிப்புக் கேட்டானே, அதையெல்லாம் நினைத்துக்கொண்டு கோபத்துக்கு ஆமாம் என்று போட்டேன். வெறுமைக்கு இல்லை என்று போட்டேன், வீட்டையே சிரிக்க வைக்கிறவனுக்கு வெறுமை ஏது என்று. கடைசிக் கேள்விக்கும் இல்லை என்று போட்டுவிட்டு வேகமாக அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். எனக்கும் சிவப்பில்தான் வந்தது. சாயங்காலம் அப்பா விளையாட்டாக அதே பரீட்சையை எனக்காகப் போட்டுப் பார்த்தார், எனக்கு மஞ்சளில் வந்தது. என்னத்தப் போட்டீங்க என்று பிடுங்கிப் பார்த்தால், அன்று காலையில் ஈரத் துண்டைக் கட்டில் மேல் போட்டதற்கு நான் கத்தினேனே, அந்தக் கணக்கையெல்லாம் அதில் தீர்த்திருக்கிறார் மனிதர்.

அதே வாரம் தம்பி கால்நடை ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்து, அவன் போனில் சார்ஜ் இல்லை என்று என் போனை எடுத்தான். அந்தப் பரீட்சைப் பக்கம் திறந்தே இருந்தது, மேலே உன் செய்தியும் இருந்தது. நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும், இன்றைக்கு வீட்டில் எது உடையப் போகிறதோ என்று கண்ணாடி டம்ளரையெல்லாம் தள்ளி வைத்தேன். அவன் ஒன்றும் உடைக்கவில்லை. ஃபிரிட்ஜில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். உடம்பில் நாய் முடியெல்லாம் ஒட்டியிருந்தது. அக்காவும் நீயும் தப்புத் தப்பாப் போட்டிருக்கீங்க, நான் சொல்றேன், போடு என்று போனை என்னிடம் நீட்டினான். கையைத் துடைத்துக்கொண்டு நானும் அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். நான் கேள்வியைப் படித்தேன், அவன் பதில் சொன்னான்.

அவன் சொன்னதை எப்படி எழுதுவது என்றே எனக்குத் தெரியவில்லையம்மா. கோபம் என்று நாம் போட்டோமே, அது கோவம் இல்லம்மா, பயம் என்றான். நீ கடைக்குப் போயி நான் கூப்பிட்டு எடுக்கலைன்னா, எடுக்க முடியலன்னு புத்திக்குத் தெரியும், ஆனா நீ என்னை விட்டுட்டேன்னு உடம்பு நம்பிரும், மூச்சு வாங்கும், கை கால் எல்லாம் எரியும், நீ வர்ற வரைக்கும் அது போகாது, நீ வந்ததும் அது கத்தலா வெளிய வருது, அதைத்தான் நீங்க எல்லாரும் பாத்திருக்கீங்க என்றான். வெறுமைக்கு எப்பவுமே என்று போடச் சொன்னான். நான் நிமிர்ந்து பார்த்தேன். அதான் இவ்வளவு ஜோக் அடிக்கிறேன், நீங்க சிரிக்கிற நேரம் மட்டும் நான் இருக்கிற மாதிரி இருக்கும் என்றான். அவன் வயிற்றில் இருந்தபோது புரண்டு படுத்தால்கூட எனக்குத் தெரிந்தது. இத்தனை நாள் ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டு, இவ்வளவு பெரிய ஒன்றை உள்ளே சுமந்துகொண்டு, காலையில் பல் தேய்த்து, சட்டையை இஸ்திரி போட்டு, எல்லாரையும் கடிக்கிற நாயைக்கூடத் தட்டிக்கொடுத்து ஊசி போட வைத்துவிட்டு வந்திருக்கிறான் என்பது எனக்குத் தெரியவில்லை. பிரமித்துப்போய் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காயப்படுத்திக்கொள்வதைப் பற்றிய அந்தக் கடைசிக் கேள்வியை நான் படிக்காமல் தாண்டப் பார்த்தேன். அவனே எட்டிப் படித்துவிட்டு, சில சமயம் என்றான். அப்பா அதற்குள் வந்து வாசல்படியில் நின்றிருக்கிறார், டூல்ஸ் பையைக் கீழே வைக்கக்கூட இல்லை. உன் அப்பா எதையும் சுற்றி வளைத்துத்தானே பேசுவார், அன்றைக்கு நேராகக் கேட்டார். இப்ப அந்த எண்ணம் இருக்கா தங்கம் என்றார். இப்ப இல்லப்பா, அது வரும்போது ஆஸ்பத்திரிக்குப் போயி நாய் வார்டுல உட்காந்துக்குவேன், அதுங்க பக்கத்துல இருந்தா அடங்கும் என்றான். இனிமே வந்தா என்னை எழுப்பு, எந்த நேரமா இருந்தாலும், எந்த லிஃப்ட் மேல நின்னுட்டிருந்தாலும் எறங்கி வந்துருவேன் என்றார் அப்பா. சொல்லிவிட்டுப் பையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தார், அந்த முழங்காலை வைத்துக்கொண்டு. பிறகு எழுந்திருக்க நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது, அதற்குத் தம்பிதான் முதலில் சிரித்தான்.

மறுநாளே ஒரு பெண் மனநல மருத்துவரிடம் போனோம். சின்ன அறை, மேஜை மேல் டிஷ்யூ பெட்டி, அது வருகிறவர்கள் அழுவதற்கு என்று நினைத்தேன், அந்த அம்மாவுக்கே பலத்த ஜலதோஷம். தம்பி பதில் சொன்ன பரீட்சை முடிவை வாங்கிப் பார்த்தார், சிரிக்கவும் இல்லை, ஒதுக்கவும் இல்லை. இதுல சிவப்பு வந்தா யார்கிட்டயாவது போய்ப் பேசுங்கன்னு அர்த்தம், உங்களுக்கு இந்த நோய் இருக்குன்னு அர்த்தம் இல்ல, பச்சை வந்துட்டா ஒண்ணுமே இல்லன்னும் அர்த்தம் இல்ல என்றார். தூக்கம் கெட்டவர்கள், மனச்சோர்வில் இருப்பவர்கள், சின்ன வயதில் பெரிய அதிர்ச்சியைப் பார்த்தவர்கள், வேறு மனநோய் உள்ளவர்கள்கூட இதே பதில்களைப் போடலாமாம், போடுகிற அன்றைக்கு மனசு எப்படி இருக்கிறதோ அதற்கேற்ப முடிவும் மாறுமாம். எனக்கு முன்னாடி அக்காவும் அம்மாவும் எனக்காகப் போட்டாங்க என்று தம்பி சொன்னதும் என்னைப் பார்த்து, அடுத்தவங்களுக்காக நீங்க போட்டீங்கன்னா அது அவங்களப் பத்தின பரீட்சை இல்ல, அவங்கள நீங்க எப்படிப் பாக்கிறீங்கன்றதோட பரீட்சை என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. உடனே அவர் எந்த நோயின் பெயரும் சொல்லவில்லை. பல தடவை வரச் சொன்னார், ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்னார், அவனிடம் தனியாக, எங்களிடம் தனியாகப் பேசினார், பள்ளிக்கூட நாட்களை, தூக்கத்தை, நட்புகளையெல்லாம் கேட்டார். ஒரு முறை அப்பா பொறுமை இழந்து, இருக்கா இல்லையான்னு சொல்லிருங்களேன் டாக்டர் என்றார். உங்க லிஃப்ட் நின்னா சத்தத்தை மட்டும் கேட்டுட்டு மோட்டார மாத்துவீங்களா என்று கேட்டார் அந்த அம்மா. அப்பாவுக்கு அன்றிலிருந்து அவர்மேல் தனி மரியாதை.

கடைசியில் ஆமாம், இதுதான் என்று சொன்னார். மருந்தைவிடப் பேச்சுச் சிகிச்சையும் பயிற்சியும்தான் இதற்கு முக்கியம், காலம் பிடிக்கும், ஆனால் நிறையப் பேர் தேறி நல்லபடியாக வாழ்கிறார்கள் என்றார். நான் அழுதேன், அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தம்பி மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டான். அப்ப நான் நடிக்கல இல்லையா டாக்டர் என்றான். இல்ல, ஒரு நாளும் நடிக்கல என்றார் அவர். நாம் எல்லாரும் அவனை நடிக்கிறான் நடிக்கிறான் என்று சொன்னதில், அவனே பாதி நம்பியிருந்திருக்கிறான், பார்.

இப்போது வாரா வாரம் பயிற்சிக்குப் போகிறான். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே, போன ஞாயிறுகூட டி.வி. ரிமோட்டுக்காக அப்பாவிடம் கத்திவிட்டு அறைக்குள் போய் அழுதான். ஆனால் இதையும் கேள். ஒரு கல்யாண கேக் வேலையில் நான் போனைப் பார்க்கவே இல்லை. நினைவு வந்து எடுத்துப் பார்த்தால் அவனிடமிருந்து ஒரே ஒரு அழைப்பு. முன்பெல்லாம் திரை நிறைய இருக்கும். பதறி வீட்டுக்கு ஓடினேன். பெரிய பாத்திரத்தில் ஐஸ் தண்ணீர் வைத்து, அதில் முகத்தை முக்கி எடுத்து முக்கி எடுத்து உட்கார்ந்திருந்தான். தலையெல்லாம் ஈரம், உதடு நடுங்குகிறது. பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்களாம், பயம் அலை மாதிரி ஏறுகிற நேரத்தில் குளிர்ந்த தண்ணீர் உடம்பைக் கொஞ்சம் அடக்கும் என்று. என்னைப் பார்த்ததும் கத்தவில்லை. வந்துட்டியா, கேக்கு நல்லா வந்துச்சா என்று கேட்டான். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அவன் எதையெல்லாம் தாண்டி வந்தான் என்று எனக்கு அப்போது தெரியும். என் பிள்ளைதான், நான் பெற்றவன்தான், ஆனால் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது. துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிவிட்டேன், வேறு என்ன செய்ய.

உனக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே. நீ அனுப்பாவிட்டால் நாங்கள் அந்த அறைக்குப் போயிருக்கவே மாட்டோம், அதற்கு நீ நன்றாக இரு. ஆனால் இனி யாருக்காகவும் இந்தப் பரீட்சையை நீ எழுதாதே, மாப்பிள்ளைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தம்பி எதற்குக் கோபப்பட்டாலும் உடனே நோய் என்று சொல்லாதே, அவன் ஆசையாக எடுத்து வைத்த கேக்கை அப்பா தின்றுவிட்டதற்கு வந்த கோபம் முழுக்க முழுக்க நியாயமானது. அவன் பேசும்போது உனக்கு வேலை வந்தால் சும்மா வைத்துவிடாமல், எப்போது கூப்பிடுவேன் என்று சொல்லிவிட்டு வை, சொன்ன நேரத்துக்குக் கூப்பிடு.

நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், மனம் குளிர்ந்து நீண்ட காலம் வாழ வேண்டும், குழந்தைக்கு என் முத்தங்கள். அவள் குல்லாயை மறக்காதே. இதை முடிக்கும் முன் தம்பியிடம் அக்காவுக்கு ஏதாவது எழுதணுமா என்று கேட்டேன். ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே சொன்னான், அதை அவன் சொன்னபடியே எழுதுகிறேன். அக்கா மேல எனக்குக் கோவம் இல்லன்னு எழுது, தூரத்துல இருந்துகிட்டு என்னைப் பத்தி அவ்வளவு நேரம் யோசிச்சிருக்கா, அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு, அடுத்த தடவை என்னையே கேக்கச் சொல்லு, நான் சொல்லுவேன்.

என்றும் உன் நினைவாக,
அம்மா