தலையாட்டி

அன்பு மாமா,

நாங்கள் குடியேறிய இந்த டண்டினொங் நகரில் உங்கள் மகனும் நானும் நடத்தும் கடையில் நேற்று நடந்ததை உங்களிடம்தான் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. நீங்கள் போய்ச் சேர்ந்து வருடங்களானாலும், கேட்டவுடன் விளங்கிக்கொள்ளக்கூடியவர் இந்த வீட்டில் நீங்கள் ஒருவர்தான்.

உங்களைத் தெரியாதவர்களும் இதை வாசிப்பார்கள்; அவர்களுக்காகச் சொல்கிறேன். என் மாமனார் சீனர். சின்ன வயதில் கப்பலேறிப் பினாங்குக்கு வந்து, வெள்ளைக்காரர் ஆண்ட அந்தத் துறைமுகத்தில் கருவாட்டு வியாபாரியாகத் தலையெடுத்தவர். மூட்டை சுமந்த தமிழர்களிடம் தமிழ் பழகியவர். யாழ்ப்பாணத்துக்காரி நான் மருமகளாக வந்த அன்று, "சாப்டியாம்மா?" என்று கேட்டு என்னை அழவைத்தவர்.

ஒருநாள் உங்களுக்கு எங்கள் ஊர்ச் சுற்றிவளைப்புகளைப் பற்றிச் சொன்னேன். ஆமிக்காரர் ஊரைச் சூழ்ந்து எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, முகம் மூடிய ஒருவனைக் கொண்டுவருவார்கள். அவன் யாரைப் பார்த்துத் தலையசைக்கிறானோ அவரை ஏற்றிக்கொண்டு போவார்கள். அவனைத் தலையாட்டி என்போம் என்றேன். நீங்கள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தீர்கள்.

"எங்க ஊர்லயும் இருந்தான்மா."

ஜப்பான்காரர் பினாங்கைப் பிடித்தபோது உங்களையும் அண்ணனையும் வெயிலில் வரிசையாக நிறுத்தினார்களாம். அங்கே வந்த தலையாட்டியின் தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. உங்கள் முன்னால் நின்றான். நகர்ந்தான். அண்ணனைப் பார்த்துத் தலையாட்டினான். லொறியில் ஏறிய அண்ணன் திரும்பி வரவேயில்லை.

"ஆள் ஆரெண்டு தெரியுமோ மாமா?"

"பக்கத்துக் கடைக்காரன். கையைப் பார்த்தே தெரிஞ்சிச்சு. சண்டை முடிஞ்ச பிறகும் அங்கதான் வியாபாரம் பண்ணான். நான் ஒண்ணும் கேட்கல."

ஏன் கேட்கவில்லை? பயமா? பிள்ளைகளை நினைத்தா? நீங்கள் எழுந்து போய்விட்டீர்கள். நானும் பிறகு கேட்கவில்லை.

நேற்று, கறுப்புத் துணியால் முகத்தை மூடிய ஏழெட்டுப் பேர் எங்கள் கடை வாசலில் வந்து நின்று, நாட்டை விட்டுப் போகச் சொல்லிக் கத்தினார்கள். ஒருவன் உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் போனில் படம் பிடித்தான். உங்கள் பேத்தி மேய் கதவைச் சாத்தப் போனாள். அவன் அவளைப் பார்த்தான். பக்கத்தில் நின்றவனிடம் திரும்பித் தலையசைத்தான்.

பிறகு படம் பிடித்தவனும் கத்தினான். எனக்குத் தெரிந்த குரல். திங்கட்கிழமைகளில் கடைக்கு முட்டை கொண்டுவரும் கிரெய்க்.

மேய் என் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, ப்ளீஸ், உள்ள வாங்கோ!"

"கொஞ்சம் பொறு பிள்ளை."

தெரு முழுக்கக் கேட்கும்படி அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். வெட்கப்பட்டு ஓடிவிடுவான் என்றுதான் நினைத்தேன், மாமா. அவன் துணியை மெதுவாகக் கழுத்துக்கு இறக்கினான். சிரித்தான். "திங்கட்கிழமை பார்ப்போம்" என்றான், வழமையாகப் பெட்டியை இறக்கிவிட்டுப் போகும்போது சொல்வதைப் போலவே.

பொலிஸ் வந்து விசாரித்துவிட்டுப் போனது. கடையை விற்றுவிடலாம் என்கிறார் உங்கள் மகன். இன்று காலை மேயைச் சிட்னிக்கு, டூங்கபியில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். போகமாட்டேன் என்று அழுதாள். இதை எழுதும்போது வீட்டுக்கு எதிரே ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது. யாருடையதென்று தெரியவில்லை. உள்ளே ஆள் இருக்கிறது.

நாளை திங்கள். கடையைத் திறப்பேன். அவன் வந்தால், துணியோடு வந்தாலும் இல்லாமல் வந்தாலும், எல்லோர் முன்னாலும் கேட்பேன்: என் பிள்ளையைப் பார்த்து யாருக்குத் தலையாட்டினாய்? பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன், மாமா. இது சத்தியம்.

உங்கள் மருமகள்,
மேயின் அம்மா