பட்டறையிலிருந்து மிஷின் வரைக்கும்

பையின் கைப்பிடியில் விமான நிலையத்தில் ஒட்டிய சீட்டை இன்னும் கிழிக்கவில்லை. கோயம்புத்தூர், சென்னை. நேற்று ஜெயித்துவிட்டு வந்தேன்டி. நீ கண்ணை மூடி மூன்று வருஷம் ஆகிறது. ஆனாலும் இதை உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும்.

கம்பெனியில் ஒரே லைனில் நின்று வேலை பார்த்த நாம் இரண்டு பேரும் வேலையை விட்டு, சுங்குவார்சத்திரத்தில் பம்பு சாமான் கடை போட்ட புதுசு அது. ஒரகடத்துக் கம்பெனி ஒன்றில் பம்பில் கசியாமல் அடைக்கிற சீல் போய் லைன் நின்றுவிட்டது. சரக்கு கோயம்புத்தூர்ப் பட்டறையில். எப்போது கிடைக்கும் என்று சூப்பர்வைசர் கேட்டார். "ஃப்ளைட்டு போக ஒரு மணி, வர ஒரு மணி. நாளைக்குப் பன்னண்டுக்கு உங்க கையில சார்" என்று அளந்துவிட்டேன். நீ என் தொடையில் கிள்ளினாய். இருந்தும் பையைத் தூக்கிக்கொண்டு போனவள் நீதான்.

மறுநாள் ஒன்றரைக்கு மீனம்பாக்கத்திலிருந்து போன் செய்தாய். "இன்னாடி இது, பிளேன் எறங்கி அரை மணி ஆவுது, பொட்டி இன்னும் வர்ல!" பெட்டி வந்து, படப்பை தாண்டினால் ஷிஃப்ட் விடுகிற நேரம். கம்பெனி பஸ்களுக்குப் பின்னால் ஊர்ந்து நாலரைக்குத்தான் கம்பெனி கேட்டுக்கு வந்தாய்.

"ஏம்மா, வானத்துலயே சுத்திக்கினு இருந்தீங்களா?" என்றார் சூப்பர்வைசர். பம்பு சீலை வாங்கிக்கொண்டார். அதோடு நம்மைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

நான் அழுதேன். நீ அழவில்லை. "ஏர்போர்ட்டுக்கும் ஏர்போர்ட்டுக்கும் எவ்ளோன்னு அவரு கேட்டாரா? பட்டறைலேர்ந்து மிஷின் வரைக்கும் எவ்ளோன்னு சொல்லுடி." அடுத்த வாரம் முழுக்கக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஏர்போர்ட்டுக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் வண்டியில் அலைந்தாய். காலையில் ஒரு தடவை, ஷிஃப்ட் விடும்போது ஒரு தடவை. பைத்தியமா என்று கேட்டேன். "நீ வாயால பற. நான் ரோட்டுல வரேன்" என்றாய்.

முந்தாநாள் அதே கம்பெனியிலிருந்து போன். அதே பம்பு. ஆள்தான் புது மேனேஜர். வேறொரு வியாபாரி பன்னிரண்டுக்கே தருகிறேன் என்றிருக்கிறார். நான் நாலு மணி என்றேன்.

"உங்க ஃப்ளைட்டு மட்டும் மாட்டு வண்டியா மேடம்?"

"நாலுன்னா நாலு சார். யாரோடது முன்னாடி வருதோ அத மாட்டுங்க."

சரி, ரெண்டு பேரும் கொண்டு வாங்க என்றார். இரண்டாம் தடவையும் தவறினால் அந்தக் கேட் நமக்குத் திறக்கவே திறக்காது.

காலை விமானத்தில் போய், பட்டறையில் பம்பு சீலை வாங்கி, அடுத்த விமானத்தில் திரும்பினேன். பஸ்கள் கிளம்பும் நேரம் வந்ததும் மெயின் ரோட்டை விட்டு, சேரப்பணஞ்சேரிக்குள் அந்த வாரம் நீ கண்டுபிடித்த வழியில் வண்டியைத் திருப்பினேன். மூன்று நாற்பதுக்குக் கேட்டில் நின்றேன். அந்த வியாபாரி அப்போதும் பஸ்களுக்கு நடுவிலிருந்து "இதோ வந்துட்டேன் சார்" என்று மேனேஜரிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

நம் சீலைத்தான் மாட்டினார்கள். லைன் ஓடியது. அந்தச் சத்தத்துக்கு விசில் அடிக்கலாம் போலிருந்தது.

"இனிமே பம்பு சாமான் எல்லாம் உங்ககிட்டதான் மேடம்" என்றார் மேனேஜர். "ஆனா அடுத்த தடவை மூணு மணிக்குத் தந்துடணும்."

"முடியாது சார்."

நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு ஆர்டரில் கையெழுத்துப் போட்டார்.

எதற்கும் சரி சரி என்று தலையாட்ட எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. இந்த 'முடியாது' மட்டும் உன்னுடையது. அதை வைத்துத்தான்டி இன்றைக்கும் வியாபாரம் பண்ணுகிறேன்.