மெயினைப் போடாதே

கரண்ட் போகவில்லை. நான்தான் மெயினை அணைத்திருக்கிறேன். தயவுசெய்து போட்டுவிடாதே.

பொம்மை ரயில் மேசையின் இரும்புச் சட்டம் ஆடுகிறதே என்று, நேற்றுச் சுவரில் அடித்த ஸ்குருவை இன்று காலை இன்னும் இரண்டு சுற்று முடுக்கினேன். அது உள்ளே போகிற வயரைத் துளைத்துவிட்டது. தண்டவாளத்துக்கு அடியில் தக்கைப் பட்டை ஒட்டும்போது முழங்கை சட்டத்தில் பட்டது. தூக்கி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டது. மரியாதை தெரிந்த மின்சாரம்.

"அந்தச் சுவத்துல வயர் போகுதுங்க" என்று நேற்றே நீ சொன்னாய். "எனக்குத் தெரியாதா?" என்று எரிந்து விழுந்தேன். தெரியவில்லை.

எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் சின்னவள் வந்ததும் அந்தச் சட்டத்தில்தானே கன்னத்தை வைத்து, ஒற்றைக் கண்ணால் ரயில் பார்ப்பாள். நேற்றும் பார்த்தாள்.

எலக்ட்ரீஷியன் போனை எடுக்கவில்லை. கடைக்கே போய்க் கையோடு கூட்டி வருகிறேன். அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன். ஃபிரிட்ஜில் இருக்கிற பாலைக் காய்ச்சிவிடு.

பி.கு: பள்ளியிலிருந்து அவளைக் கூட்டி வந்ததும் எனக்குப் போன் போட்டு அவளிடம் கொடு. ரயில் அறையைப் பூட்டியதற்கு என்னைத் திட்டினாலும் சரி, குரல் கேட்டால் போதும்.