உச்சமுனைப் பாட்டு வகுப்பு

குறிஞ்சிப்பிட்டி
08.08.2011

அன்புள்ள ஜூலியானா அக்காவுக்கு,

அடுத்த மாத மாதா திருநாளில் தனியாகப் பாட முடியாது என்று நீங்கள் யாகப்பு அண்ணரின் வள்ளத்தில் அனுப்பிய துண்டுக் கடிதம் கிடைத்தது. அதை நான் ஏற்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் நான் படிப்பிக்கும் பிள்ளைகள் பிழையாகப் பாடிவிட்டுச் சிரிப்பார்கள். உச்சமுனைத் தீவில் உங்கள் பதினொரு பேருக்கும் சனிக்கிழமைகளில் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் ஒன்று விளங்கியது. பெரியவர்கள் சரியாகப் பாடிக்கொண்டிருக்கும்போதே, பிழைத்துவிடுமோ என்று நிறுத்திவிடுகிறார்கள். பக்கத்தில் நிற்பவர் திரும்பிப் பார்ப்பாரே என்ற பயம். உங்களுக்குக் குரல் இருக்கிறது அக்கா. அதைத் தொண்டையில் பிடித்து வைக்காமல் அடிவயிற்றிலிருந்து விடுங்கள்.

அன்புடன்,
றொபி

*

உச்சமுனை
10.08.2011

மதிப்புக்குரிய றொபி சேருக்கு,

எல்லோரும் சுகம் என்று எழுத ஆசைதான். ஆனால் இங்கே ஒருவருக்கும் நித்திரை இல்லை. உடம்பெல்லாம் கறுத்த கிறீஸ் எண்ணெய் பூசிய ஒருவன் வந்து பெண்களை நகத்தால் கீறிவிட்டு ஓடுகிறானாம். ஊருக்கு ஊர் இதே கதைதான். பெண்கள் எல்லோரும் ஒரே வீட்டில் படுக்கிறோம். என் கொழுந்தன் லோறன்ஸ் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு பொல்லுத்தடியோடு காவல் நிற்கிறான்.

நீங்கள் சொன்னபடி, கருவாடு காயப்போடும் இடத்தில் ஆளில்லாத நேரம் பார்த்துக் குரலை விட்டுப் பார்த்தேன். நாய்தான் குரைத்தது.

சனிக்கிழமை நேரத்தோடு வாருங்கள். பொழுதுபட்ட பிறகு யாரும் யாரையும் நம்புவதில்லை.

இப்படிக்கு,
ஜூலியானா

*

உச்சமுனை
16.08.2011

சேர்,

ஆஸ்பத்திரியால் உங்களை வீட்டுக்கு விட்டுவிட்டார்கள் என்று யாகப்பு அண்ணர் சொன்னார். இதைப் போனில் சொல்ல எனக்கு வராது.

சனிக்கிழமை பின்னேரம் வரைக்கும் பார்த்துவிட்டு, நீங்கள் வரமாட்டீர்கள் என்று எல்லோரும் கலைந்துவிட்டோம். வள்ளத்தின் இஞ்சின் நடுவழியில் நின்றதும், நீங்கள் கைகொடுத்து உடம்பெல்லாம் எண்ணெய் ஆனதும் எங்களுக்கு எப்படித் தெரியும்? மைம்மல் இருட்டில், கரையிலிருந்து ஒரு கறுப்பு உருவம் என்னை நோக்கி வந்தது. கத்தினேன். பிறந்ததிலிருந்து நான் அப்படிக் கத்தியதில்லை. அடிவயிற்றிலிருந்து வந்தது. தீவு முழுக்கக் கேட்டது. காவல் நின்றவர்கள் பொல்லோடு ஓடிவந்து உங்களை வளைத்தார்கள்.

எழுத வேண்டியது இனிமேல்தான். லோறன்ஸ் ரோச் வெளிச்சம் அடித்தபோது எண்ணெய்க்குள்ளும் உங்கள் முகத்தைக் கண்டேன். சேர் என்று தெரிந்துவிட்டது. வாய் திறக்கவில்லை. பிழையான ஆளைக் காட்டிவிட்டாள் என்று எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்களே என்று நின்றேன். யாகப்பு அண்ணர் ஓடிவந்து விலக்கும்வரை அடி விழுந்தது. அந்த அடி ஒவ்வொன்றும் என்னுடையது.

மன்னிப்புக் கேட்கவும் பயமாக இருக்கிறது.

ஜூலியானா

*

குறிஞ்சிப்பிட்டி
22.08.2011

ஜூலியானா அக்காவுக்கு,

இடது கைக்குக் கட்டுப் போட்டிருக்கிறது. காது இன்னும் இரைகிறது.

ரோச் வெளிச்சத்தில் நீங்கள் என்னைக் கண்டபோது நானும் உங்களைக் கண்டேன். அடையாளம் தெரிந்துவிட்டது என்பதும் உங்கள் முகத்திலேயே தெரிந்தது. இதை எழுதுவீர்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதிவிட்டீர்கள்.

என்னுடையதையும் சொல்கிறேன். "நான் றொபி சேர்" என்றிருந்தால் பொல்லுகள் நின்றிருக்கும். மூன்றே சொல். வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. பாட்டுப் படிப்பிப்பவனுக்கு அந்த நேரம் குரல் இல்லை. இனி யாரைப் பார்த்து நான் வாயைத் திறங்கள் என்று சொல்வது?

எனக்கு உங்கள் மேல் கோபம் இல்லை, அக்கா. பயம்தான். நேற்று வள்ளத்தடிவரை போய்ப் பார்த்தேன். வள்ளத்தில் கால் வைக்கவில்லை. திரும்பி வந்துவிட்டேன். என் மனைவி அனுஷ்காவும் இனி அனுப்பமாட்டேன் என்கிறாள். உச்சமுனைக்கு என்னால் வர முடியாது. திருநாளுக்கு வேறு யாரையாவது பாருங்கள்.

றொபி

*

உச்சமுனை
28.08.2011

அன்புள்ள சேருக்கு,

இன்று பூசை முடிந்து சனம் எழும்ப முன்னம் நான் எழுந்து நின்றேன். "அண்டைக்கு அது சேர் எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பேசாமல் நிண்டனான்" என்றேன். குரல் நடுங்கியது. ஆனாலும் கடைசி வாங்கில் இருந்தவர்வரை கேட்டிருக்கும். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

லோறன்ஸ் வெளியே வந்து, "நீங்க அப்பவே சொல்லியிருந்தா நான் கை வச்சிருக்க மாட்டன், மச்சாள்" என்றான். பிறகு கோயில் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதான். நான்கு பேர் இனி வகுப்பே வேண்டாம் என்றுவிட்டார்கள். எழுவர் இருக்கிறோம்.

நீங்கள் வர வேண்டாம், சேர். சனிக்கிழமை காலை நாங்கள் குறிஞ்சிப்பிட்டிக்கு வருகிறோம். லோறன்சும் வருவான். உங்கள் முகத்தைப் பார்க்க அவனுக்குப் பயம், சந்தியிலேயே நிற்பானாம்.

கூட்டமாக வந்து உங்களைக் கலங்கப்பண்ண மாட்டோம். மற்றவர்கள் றோட்டில் நிற்பார்கள். முதலில் நான் மட்டும் படலை வாசலுக்கு வந்து, உள்ளே கேட்கும்படி என் பெயரைச் சொல்வேன். உங்களுக்கு மனமிருந்தால் திறவுங்கள். இல்லாவிட்டால் பத்தரை பஸ்ஸில் வள்ளத்தடிக்குத் திரும்பிவிடுவோம்.

ஜூலியானா