நாமா, நாங்களா

16-7-07, திங்கள்

காலையிலிருந்தே காற்று. ஆடி பிறப்பது நாளைதான், ஆனால் காற்றுக்குப் பொறுமை இல்லை. மாடியில் காயப்போட்ட துண்டு பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில்.

செய்ய வேண்டியவை: துண்டு. கேஸ் புக் பண்ண. இவர் சட்டைக்குப் பொத்தான். தி.யின் பள்ளி டைரியில் பெற்றோர் கையெழுத்து (நானா? வேண்டாம். இவரே போடட்டும்).

புது டைரி. பழையது கல்யாணத்துக்கு முந்தியது, அதில் இந்த ஆட்கள் யாரும் கிடையாது. ஆகவே அறிமுகம். இவர்: ஐந்து மாதக் கணவர், மறைமலைநகரில் கம்பெனி வேலை, இந்த வாரம் மத்தியான ஷிஃப்ட். தி.: திவ்யா, இவர் மகள், ஒன்பதாம் வகுப்பு. நான்: முப்பத்தாறு வயதில் கழுத்தை நீட்டிச் சேலையூருக்கு வந்தவள். காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் புத்தகங்களுக்கு நம்பர் ஒட்டுபவள். ராஜி: தி.யின் அம்மா. மூன்று வருஷமாகக் கூடத்துச் சுவரில் படமாக இருக்கிறாள்.

தி. என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சித்தி என்று கூப்பிடலாம். ஆனால் அந்த நாற்காலியில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது: ராஜியின் தங்கை, மாடம்பாக்கம். அம்மாவோடு கூடப்பிறந்த சித்தி இருக்கும்போது வந்து சேர்ந்த சித்திக்கு என்ன பெயர்? தமிழில் இல்லை. அதனால் தி. என்னிடம் பேசுகிற எல்லா வாக்கியமும் "இங்க பாருங்க" என்றே தொடங்கும். நானும் பார்ப்பேன்.

சாயங்காலம் அவள் கூடத்தில் கம்ப்யூட்டரில், நான் சமையல்கட்டில். பிறந்தநாளுக்கு இவர் வாங்கிக் கொடுத்த சி.டி. விளையாட்டு. பழங்காலத்து ஆங்கிலம், அவள் பள்ளிக்கூட ஆங்கிலத்துக்குப் பிடிபடாது. இரண்டு வாரமாக நான் மொழிபெயர்ப்பாளர்.

"இங்க பாருங்க, ஃபோர்ஸ்வோர்ன்னா என்ன?"

"சத்தியம் பண்ணிட்டு மீறினவன்."

"ம்."

அவ்வளவுதான் உரையாடல். ஆனால் நாளுக்கு இருபது தடவை. கல்யாணமான முதல் மாதம் மொத்தமே இருபது வார்த்தை இருக்காது. நன்றி: ஃபோர்ஸ்வோர்னுக்கு.


17-7-07, செவ்வாய். ஆடி 1

பாயசம் வைத்தேன். கொஞ்சம் அடிப்பிடித்தது, யாரும் கண்டுபிடிக்கவில்லை. நூலகத்தில் வசந்தா: "என்ன சுமதி, ஆடிக்குப் புதுப்பொண்ணை அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலையா?" முப்பத்தாறு வயசுப் புதுப்பொண்ணு, மூட்டுவலி தைலத்தோடுதான் போகணும் என்றேன். சிரித்தாள்.

துண்டு கிடைத்தது. முருங்கைக்காயும் நான்கு கொடுத்தார்கள்.

விளையாட்டைப் பற்றி. ராணி செத்துப்போகிறாள். நாடு இரண்டாகிறது. மலைமேல் கோட்டைக்காரர்கள், கீழே ஆற்றுக்காரர்கள். இரண்டு பக்கமும் ராணி பெயரைச் சொல்லித்தான் வெட்டிக்கொள்கிறார்கள். நடுவில் நாற்பது வீரர்களோடு தி. எந்தப் பக்கம் என்று சீக்கிரம் சொல்லியாக வேண்டும். அவளோடு ஆரம்பத்திலிருந்தே வில்லோடு ஒரு பெண் வருகிறாள். அவளுக்கு விளையாடுகிறவரே பெயர் வைக்கலாமாம். தி. வைத்திருக்கும் பெயர் ராஜி. முதல் நாளே பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு தலைவலி. ஆங்கிலத்தில் எல்லோரும் 'வீ', 'வீ' என்கிறார்கள். தமிழில் நாமா நாங்களா என்று முடிவு செய்யாமல் வாயைத் திறக்க முடியாது. கேட்கிறவரையும் சேர்த்துக்கொண்டால் நாம். வெளியே நிறுத்தினால் நாங்கள். இந்தச் சண்டையே அதுதான் போலிருக்கிறது.

ஏழு மணிக்கு மாடம்பாக்கம் சித்தி போன். தி. ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாயசம் சாப்பிட்டாள். சித்தி சொன்னது எல்லாம் என் காதிலும் விழுந்தது. "இங்கயே வந்து இரு கண்ணு. ஸ்கூலுக்கு அங்கேர்ந்து என்ன தூரமோ இங்கேர்ந்தும் அதான். உன் ரூம் ரெடி. அங்க உனக்குப் பழகலைன்னா கஷ்டப்பட்டுட்டு இருக்காத. ஞாயித்துக்கிழமை போன் பண்றேன், சொல்லு."

கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அக்கா பெண்மேல் பாசம். நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன்.

தி. "யோசிக்கறேன் சித்தி" என்றாள். பாயசக் கிண்ணத்தை அவளே கழுவி வைத்தாள். வழக்கமாகக் கழுவ மாட்டாள்.


18-7-07, புதன்

காலையில் இவரிடம் சொன்னேன். ஷேவிங் நுரையோடு நின்று கேட்டார். "அவ போகணும்னா போகட்டும். நான் பிடிச்சு வைக்க மாட்டேன். நீ உன் தப்புன்னு நினைக்காத." நல்ல மனிதர். ஆனால் தப்பு என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

எனக்கு அவள் போகக் கூடாது. எழுதிவிட்டேன். காரணம் கேட்டால் தெரியாது. வீடு காலியாகிவிடும் என்பதில்லை. இருபது "இங்க பாருங்க" போய்விடும்.

சாயங்காலம் நடந்தது:

தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். தி. கோட்டை வாசலுக்கு வந்துவிட்டாள். கோட்டைத் தளபதி ஏதோ சொல்கிறான். "இங்க பாருங்க, சீக்கிரம்!" அவள் வாசித்துக் காட்ட, நான் துருவலை விடாமல், திரையைப் பார்க்காமல் சொன்னேன்: "இந்தக் கதவுக்குப் பின்னால நாம பத்திரமா இருப்போம்ங்கறான்."

அதை நம்பிக் கோட்டைப் பக்கம் சேர்ந்தாள். நாற்பது பேரையும் வெளியே அனுப்பினாள், சண்டை முற்றினால் கதவுக்குள் வந்துவிடலாம் என்று. திரும்பி ஓடி வரும்போது கதவு சாத்தியிருந்தது. தளபதியும் அவன் ஆட்களும் உள்ளே பத்திரம். வெளியே ஒவ்வொருவராக. கடைசியில் வில்லோடு ராஜி மட்டும், கதவில் முதுகை வைத்துக்கொண்டு. பிறகு அவளும்.

பெரிய சண்டைகளை மட்டும் விளையாட்டே தானாகப் பதிவு செய்துகொள்ளுமாம். பழைய இடத்துக்குத் திரும்ப வழியில்லையாம்.

தி. நாற்காலியை என் பக்கம் திருப்பினாள்.

"அவன் நாங்கன்னு சொல்லியிருக்கான். நீங்க நாமன்னு சொன்னீங்க."

"தெரியாம சொல்லிட்டேன் திவ்யா."

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லணும். எங்க அம்மாவா இருந்தா அப்படித்தான் சொல்லியிருப்பாங்க."

கதவைச் சாத்திக்கொண்டாள். துருவிய தேங்காயை என்ன செய்வதென்று தெரியாமல் ஃபிரிஜ்ஜில் வைத்தேன். அழுகை வந்தது. யாரும் பார்க்கவில்லை.


19-7-07, வியாழன்

கேஸ் புக் பண்ணியாயிற்று. பொத்தான் தைத்தாயிற்று.

"இங்க பாருங்க": பூஜ்யம்.

கம்ப்யூட்டர் மேல் துணி போர்த்தியிருக்கிறது. அவள் பெரிய பை கட்டிலுக்குக் கீழேயிருந்து வெளியே வந்திருக்கிறது. இன்னும் காலிதான். பெருக்கும்போது பார்த்தேன்.

கேம்ப் ரோட்டில் கீரைக்கார அக்கா: "இன்னாம்மா மூஞ்சி வாடி கீது? உம் பொண்ணு முந்தாநாள் வந்து மொளைக்கீரை வாங்கிகினு போச்சு. சில்லறை இல்லேன்னு சொன்னேன், 'எங்க வூட்ல நாளைக்குத் தருவாங்க'ன்னுச்சு. இன்னும் வர்ல." கொடுத்துவிட்டேன். உம் பொண்ணு என்கிறாள். ஊருக்குச் சுலபமாக இருக்கிறது. வாங்கிய சிறுகீரையை ஆய்ந்துகொண்டே அதை நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தேன். நன்றி: கீரைக்கார அக்காவுக்கு.

நாளைக்கு லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வசந்தா காரணம் கேட்டாள். போருக்குப் போகிறேன் என்றேன். வயிற்றுப்போக்கு என்று எடுத்துக்கொண்டு மோர் குடிக்கச் சொன்னாள்.


20-7-07, வெள்ளி

காற்று, மண், கண்ணெல்லாம் உறுத்தல். தி. பள்ளிக்கு. இவர் ஒன்றேகாலுக்குக் கிளம்பினார், கம்ப்யூட்டர் முன்னால் என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டார். அதற்கு நன்றி.

விளையாட்டில் பதிவு வைக்க மூன்று இடம். முதலாவது தி.யுடையது, அதைத் தொடவில்லை. இரண்டாவதில் முதலிலிருந்து ஆரம்பித்தேன். யோசனை இதுதான்: அவளுக்குப் பதிலாக நான் அந்தக் கதவு வரைக்கும் போய் வைத்துவிட்டால் அவள் அங்கிருந்து ஆடிக்கொள்ளலாம்.

பேராசை.

காலை ஒன்பதிலிருந்து நான் சாதித்தவை: கிணற்றில் விழுந்தது (இரண்டு முறை). ஓநாயிடம் கடிபட்டுச் செத்தது (ஏழு முறை). உதவி கேட்ட கிழவனைத் தவறுதலாக வெட்டியது. ஊரே துரத்தியது. திரும்ப முதலிலிருந்து. கிழவனிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டு மிக மரியாதையாக நடந்துகொண்டேன். பதினொன்றரைக்குக் கரண்ட் போனது. பன்னிரண்டே முக்காலுக்கு வந்தது. பதிவு செய்யவில்லை. மறுபடியும் கிணறு.

பருப்பு தீய்ந்தது.

நாலு மணி வாக்கில் காட்டு வழியில் வில்லோடு அந்தப் பெண் வந்தாள். கூட வருகிறேன் என்றாள். திரையில் ஒரு கட்டம்: இவள் பெயர் என்ன?

என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியும். நாலு எழுத்து ஆங்கிலத்தில். விரல் போகவில்லை. அந்தப் பெயரை எழுதுவது என் வேலை இல்லை. அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோய்த் தீய்ந்த குக்கரைத் தேய்த்தேன்.

தி. வந்தாள். பை வைக்கிற சத்தம். எட்டிப் பார்த்தேன். யூனிஃபார்மோடு நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டத்தில் கோடு மட்டும் விட்டு விட்டுத் துடித்துக்கொண்டிருந்தது.

"யார் ஆடினது?"

"நான்தான்."

"காலைலேர்ந்தா? இவ்ளோதான் வந்தீங்களா?"

"ம்."

"இது இருபது நிமிஷ வேலை."

"ஓநாய் இருந்துச்சு."

சிரிப்பை அடக்கினாள். தெரிந்தது. "ஏன் பேர் போடாம வச்சிருக்கீங்க?"

"அது நீ போட வேண்டியது."

உட்கார்ந்தாள். நாலு எழுத்தையும் ஒவ்வொன்றாக அடித்தாள். திரும்பிப் பார்க்காமல், "இங்க பாருங்க. ஸ்டூல் எடுத்துட்டு வாங்க" என்றாள்.

எடுத்துக்கொண்டு போனேன். குக்கர் ஊறட்டும்.


21-7-07, சனி

நூலகம் அரை நாள். ரயிலில் நின்றுகொண்டேதான் வந்தேன், தாம்பரம் வரை ஒருவர் காலை மிதித்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டார். கோபமே வரவில்லை.

மத்தியானம் முதல் விளையாட்டு. ஓநாய்க்கு எப்படி நெருப்புக் காட்டுவது என்று தி. காட்டினாள். நான் பழையபடி மொழிபெயர்ப்பு, ஆனால் இப்போது பக்கத்தில் உட்கார்ந்து, திரையைப் பார்த்து. சமைக்கவில்லை. தயிர்சாதம், ஊறுகாய்.

பெரிய பை இன்னும் கட்டிலுக்கு வெளியேதான். பார்க்காத மாதிரி இருந்தேன். ஒரு வார்த்தை கேட்டால் கெட்டுப்போகும் என்று பயம். நாளை ஞாயிறு.


22-7-07, ஞாயிறு

இவர் ஓவர்டைம், வழக்கம்போல் மத்தியானமே போய்விட்டார். லேசான தூறல், உடனே நின்றது.

நாலரைக்குக் கோட்டை வாசல். அதே தளபதி, அதே வார்த்தை. தி. விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"இப்ப சொல்லுங்க. நாமா, நாங்களா?"

மூன்று தடவை வாசித்தேன். "தெரியல" என்றேன்.

என் பக்கம் திரும்பினாள்.

"சரி. தெரியலைன்னா இங்க நிக்க வேணாம்."

திரும்பி நாற்பது பேரோடும் ராஜியோடும் கீழே இறங்கினாள். ஆற்றுக்காரர்கள் பக்கம். கோட்டை கிடையாது, வெறும் படகுகள்.

"இவங்க தோத்துடுவாங்கன்னு நினைக்கிறேன்" என்றேன்.

"தோத்தா தோக்கட்டும். இவங்ககிட்ட சாத்தறதுக்குக் கதவே இல்ல."

முதல் சண்டையில் பதினோரு பேர் போனார்கள். ராஜி இருக்கிறாள். படகில் உட்கார்ந்து வில்லைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஏழு மணிக்குப் போன். நான் சமையல்கட்டுக்குப் போய்விட்டேன். குழாயைத் திறந்துவைத்தேன், காதில் விழக்கூடாது என்று. பிறகு மூடினேன். விழட்டும்.

ஸ்பீக்கர் போடவில்லை. தி.யின் குரல் மட்டும்.

"இல்ல சித்தி... இப்ப வரல... கஷ்டமெல்லாம் இல்ல... காலாண்டு லீவுல வந்து பத்து நாள் இருக்கேன். ப்ராமிஸ்... அழாதீங்க சித்தி... ம். ம்."

அடுப்பைச் சின்னதாக்கினேன். கையில் மாவுக் கரண்டி.

பிறகு எல்லோரும் எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைச் சித்தி கேட்டிருக்க வேண்டும்.

"அப்பா டூட்டிக்குப் போயிட்டாரு சித்தி" என்றாள் தி. "நாங்க இன்னும் சாப்பிடல."