அவர் பெயர் போட்ட பைகள்

ஆவணி 3, செவ்வாய்

புழுக்கம். மழை வருவதுபோல் போக்குக் காட்டுகிறது. பி.பி. மாத்திரை போட்டாயிற்று.

மருமகள் மீனாளுக்குச் சென்னையிலிருந்து பார்சல். மகன் சுப்புவின் அறுபதாம் கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை, மாதிரிக்கு ஒன்று. அட்டைப்பெட்டி, உள்ளே பிளாஸ்டிக் உறை, அதற்குள் இன்னொரு உறை, அதற்குள் பை. பச்சை எழுத்தில் ‘பூமியைக் காப்போம்’. கீழே இருவர் பெயர், தேதி.

“ஆர்கானிக் பருத்தி, அயித்தை. பிளாஸ்டிக்கே கெடையாது.”

“அப்ப இந்த உறை?”

“அது கூரியர்காரன் போடுறது.”

அறுநூறு வாங்கப்போகிறாளாம். இந்த வீட்டில் பைக்கா பஞ்சம்? பை மாட்டி மாட்டிச் சமையலறைக் கதவு ஆணி கழன்று விழுகிறது. ஆத்திரத்தில் காபிக்குச் சர்க்கரை போட மறந்தேன்.

ஆவணி 4, புதன்

சாமான் அறையைத் திறந்தேன். பூட்டுக்கு எண்ணெய் விடவேண்டியிருந்தது. அண்டாவுக்குப் பின்னால் கட்டுப் பிரிக்காத மஞ்சள் பைகள். என் வீட்டுக்காரர், இவருடைய அறுபதாம் கல்யாணத்துக்கு அடித்து மிஞ்சியவை. இவர் பெயர், என் பெயர், அன்றைய தேதி. தேதி போட்டதால் பிறகு எந்த விசேஷத்துக்கும் ஆகவில்லை. இவர் போனபின் தொட மனம் வரவில்லை. நூல்கூட நையவில்லை.

கான்வென்ட்டில் படிக்கும்போது மதர் நோட்டின் ஓரம் வரை எழுத வைப்பார். அந்தப் புத்தி எங்கே போயிற்று எனக்கு?

டெய்லரிடம் கொடுத்து உள்பக்கம் திருப்பித் தைத்தால் போதும். புதிதாக ஒன்றும் வாங்க வேண்டாம். சொல்லிவிட வேண்டியதுதான்.

ஆவணி 7, சனி

சொன்னேன். சுப்பு இட்லியிலிருந்து தலை தூக்கவில்லை.

“ஆத்தா, செத்தவுக பேரு போட்ட பையில தேங்கா பழம் குடுத்தா ஊரு என்ன சொல்லும்? உள்ள இருந்தாலும் பேரு பேருதான. கஞ்சப்பயன்னும் சொல்லும்.”

“செத்தவுகளா? உன் பேருக்கு முன்னாடி ஒரு எழுத்து போடுறியே, அது யாரு?”

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த முத்தம்மா சிரிப்பை அடக்கினாள். மீனாள் நடுவில் வந்தாள்.

“நம்ம பையும் பூமிக்கு நல்லதுதான, அயித்தை.”

“வாங்காத பை அதைவிட நல்லது.”

சாயங்காலமே ஆர்டர் போய்விட்டது. அறுநூறு. ராத்திரி சாப்பிடவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஆவணி 20, வெள்ளி

விழா நேற்று. குறையில்லை. ரசத்தில் மட்டும் உப்புக் கூட.

என் வலையபட்டி நாத்தனார் பையை வாங்கும்போதே என்னிடம், “இன்னொன்னா, அண்ணமிண்டி? வீட்ல இருக்க பையில எலி குடும்பம் நடத்துது” என்றாள். மீனாள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன்.

இன்று காலை பார்த்தால் இரண்டு கட்டு மிச்சம். தேதி போட்ட பை. சுப்பு சாமான் அறைச் சாவி கேட்டான்.

“அங்க இடமில்ல.”

“பெறகு எங்குட்டு வைக்க?”

“உன் கடைக்குக் கொண்டுபோ. தெனம் சோறு கட்டிட்டுப் போ.”

இவர் பைக்கட்டை நானே பிரித்தேன். திருப்பவில்லை, தைக்கவில்லை. ஒன்றை உதறி முத்தம்மாவிடம் கொடுத்து, கத்தரிக்காய், சின்ன வெங்காயம், அரைக் கிலோ நெத்திலி வாங்கிவரச் சொன்னேன்.

சுப்பு வாசலில் மறித்தான். “ஆத்தா, அப்பச்சி பேரு போட்ட பையில மீன் வாங்குறதா?”

“நாறுனா தொவைச்சுக்கலாம். வழிய விடு.”