அழகாகப் போகும் நம் தெரு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் என் முழங்கால் வலியும் சௌக்கியம். அங்கே நீயும் மருமகளும் பேத்தியும் நன்றாயிருக்க வேண்டும். பேத்தி வகுப்பில் முதலாவதாக வந்ததைத் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது, கேட்காதவர்களுக்கு இரண்டு தடவை.

நம் தெருவுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது, நகரத்தைப் புதுப்பிக்கிறார்களாம். நீ கைக்குழந்தையாக இருந்தபோது ஆற்றங்கரையை அழகாக்குகிறோம் என்று நம்மை லாரியில் ஏற்றி இந்தச் சேற்றில் இறக்கினார்கள். அப்பாவும் நானும் உடைந்த செங்கல்லைக் கொட்டிக் கொட்டி மேடாக்கினோம். மேடானதும் இதையும் அழகாக்க வேண்டுமாம். நாம் விட்டுப் போகிற இடமெல்லாம் அழகாகிவிடுகிறது, நமக்கு அப்படி ஒரு கைராசி. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பெரிய படம் மாட்டினார்கள். நம் வீடு இருக்கிற இடத்தில் ஒரு மரம், அதன் அடியில் நாய்க்குட்டியோடு ஒரு பெண். இவ யார் வீட்டு மருமக சார் என்று தையல்காரர் மனைவி கேட்டாள். அது சும்மா படம்மா என்றார் அதிகாரி. அப்ப நாங்க எங்கே என்றதற்கு இன்னொரு படத்தில் ஊருக்கு வெளியே ஒரு அடுக்குமாடியின் எட்டாவது மாடியைக் காட்டி, காத்து நல்லா வரும்மா என்றார். பாதிப் பேருக்கு மேல் சம்மதித்தால்தான் இடிக்க முடியும் என்று நோட்டீஸில் இருந்தது. தெருவுக்கே காகிதம் படித்துச் சொல்கிறவள் நான், ஐந்தாவது வரை சும்மாவா படித்தேன்? எழுந்து நின்று, எங்க தெருவுல ஒருத்தர்கூட சம்மதிக்கலை, சம்மதிக்கவும் மாட்டோம் என்றேன். ஒரே கைதட்டல். அதிகாரி மரியாதையாகப் பட்டியலை நீட்டி, நீங்களே படிங்கம்மா என்றார். முதல் பெயர் உன்னுடையது. போனிலேயே சம்மதம் அனுப்பிவிட்டாயாமே, ரொம்பச் சுறுசுறுப்பு. படிக்கத் தெரிந்ததற்காக முதல் தடவையாக வருத்தப்பட்டேன். அக்கா, உங்க பையனே குடுத்துட்டான், நாங்க எதுக்கு மல்லுக்கட்டணும் என்றாள் தையல்காரர் மனைவி. அதற்குப் பிறகு ஏழு வீட்டார் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், இன்னும் நாலு போட்டால் பாதி தாண்டிவிடும்.

அப்பா வீட்டை உன் பெயரில் எழுதினார், அதை நான் மறுக்கவில்லை. முழங்கால் வலிக்காரிக்கு எட்டாவது மாடி பார்த்திருக்கிறாய், உன் பாசமும் அவ்வளவு உயரம். மாதக் கடைசிக்குள் சம்மதத்தைத் திரும்பப் பெறலாமாம், அதுவும் போனிலேயே, விசாரித்துவிட்டேன். முடியாதென்றால் நீயே வந்து, முதலில் சம்மதித்தது நான்தான் என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போ, எனக்கு அந்த முகம் இல்லை.

மூவரும் நீடூழி வாழ்க. வேளைக்குச் சாப்பிடு, மாதக் கடைசியை மறக்காதே.

உன் அம்மா,
இன்றைக்கு வரை இதே விலாசம்.